ஐந்தாம் கல்லும் ஆறாம் கல்லும்

முன்னொரு காலத்தில் கோடைமங்கலத்தை மருதவாணர் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டது பாதி, விளையாடியது மீதி என்று வையுங்கள். சபை மண்டபத் தரை முழுக்கச் சதுரக் கல். அதன்மேல் மரப்பொம்மைகளை நிறுத்தி, ஆளுக்கொரு வேஷம் கொடுத்து, ராஜா கதை சொல்வார். ஒருவர் மந்திரவாதி, ஒருவர் ஒற்றன். அவரவர் தம் பொம்மையைக் கல் கல்லாக நகர்த்திக் கதைக்குள் பிழைக்க வேண்டும்.

அந்த முறை ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை வந்தது. "மதகுச் சாவி வைத்திருக்கும் பொம்மை கரை சேர்ந்தால், நிஜ ஏரியின் கீழ்மதகைத் திறப்பேன். வழியில் செத்தால் தண்ணீர் மேல்மதகுக்கு" என்று சொல்லிவிட்டார். கீழ்மதகுத் தண்ணீர் குறுங்குளத்து வயல்களுக்கு. அங்கே பயிர் கருகிக்கொண்டிருந்தது. மேல்மதகுத் தண்ணீர் தளவாய் செண்பகராயரின் வெற்றிலைக் கொடிக்காலுக்கு. சாவிப் பொம்மையை ஆடியவன் குறுங்குளத்துக்காரன், அரண்மனை யானைப்பாகன் மாசானம். பாகனுக்குச் சபையில் சரிசமமாக இடமா என்று தளவாய்க்கு வயிற்றெரிச்சல் வேறு.

பொம்மை கரையை நெருங்கியபோது தளவாய் ஆடிய மந்திரவாதி தீச்சட்டியை எறிந்தான். விழுந்த கல்லிலிருந்து ஐந்து கல் தூரம் எரியும் என்பது விதி. பொம்மை மூலைவாக்கில் நின்றது. தளவாய் மூலைக்கு மூலை விரல் வைத்து எண்ணினார்.

"ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. வெந்துபோனான்."

மாசானம் குனிந்து கல்லைப் பார்த்தான். "மகாராஜா, நேராக ஐந்து கல்லும் மூலைவாக்கில் ஐந்து கல்லும் ஒரே தூரமா?"

"கல் கல்தான். யானைக்குக் கவளம் உருட்டுகிறவன் எனக்கு எண்ணச் சொல்லித் தருகிறானோ?" என்றார் தளவாய்.

ராஜாவும் எண்ணிப் பார்த்தார். "எனக்கும் ஐந்துதானப்பா வருகிறது. முடிந்தால் நிரூபி."

"முற்றத்துக்கு வாருங்கள், மகாராஜா. அங்கேயும் இதே கல்தான்."

முற்றத்தின் நடுத்தூணில் செங்கமலம் என்ற யானை கட்டிக் கிடந்தது. மாசானம் ஆளுக்கொரு வாழைத்தார் எடுத்துவரச் சொன்னான்.

"நான் மூலைவாக்கில் ஐந்தாம் கல்லில் நிற்கிறேன். ஐயா நேர்வாக்கில் ஆறாம் கல்லில் நிற்கட்டும். அவர் எண்ணுகிறபடி நான்தான் யானைக்குக் கிட்டே."

தளவாய் மீசையைத் தடவினார். "ஐந்தைத் தாண்டித்தானே ஆறு? தாராளமாக நிற்கிறேன்."

நின்றார். செங்கமலம் முதலில் தன் பாகனிடம்தான் ஓடியது. சங்கிலி விறைத்தது, தும்பிக்கை நீண்டது. பழம் எட்டவில்லை. பாவம், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பியது. அடுத்த நொடி ஆறாம் கல்லில் இருந்த வாழைத்தார் போயிற்று. அதோடு தளவாயின் ஜரிகைத் தலைப்பாகையும் போயிற்று.

"ஐந்து தப்பித்தது, ஆறு மாட்டிக்கொண்டது" என்று ராஜா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எப்படியடா இது?"

"கீழே பாருங்கள், மகாராஜா. தும்பிக்கை எட்டுகிற இடமெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அந்தத் தேய்மானம் வட்டம். மூலைக்கு மூலை போனால் ஒவ்வொரு கல்லும் நீளம் கூடும். நான் நின்ற மூலைவாக்குக் கல்லில் பாசிகூடக் கலையவில்லை. நான் தினமும் அங்கேதான் நின்று சோறு தின்கிறேன். அங்கே யானை எட்டியிருந்தால் என் சோறு எனக்கு மிஞ்சியிருக்குமா?"

ராஜா உள்ளே போய்த் தீச்சட்டி விழுந்த கல்லில் கயிற்றின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி, நேராக ஐந்து கல்லுக்கு அளந்து, அப்படியே சுற்றிவரச் செய்தார். பொம்மைக்கு இரண்டு கல் முன்னாலேயே கயிறு தீர்ந்துபோயிற்று. மாசானம் பொம்மையை எடுத்துக் கரையில் வைத்தான்.

"கீழ்மதகைத் திறக்கச் சொல்லுங்கள்" என்றார் ராஜா. "தளவாய் போய்த் திறக்கட்டும். இப்படியே, வெறுந்தலையோடு."

அன்று மாலைக்குள் குறுங்குளத்து வரப்பெல்லாம் நனைந்தது. அதற்குப் பிறகு அந்தச் சபையில் தீச்சட்டி விழுந்தால் முதலில் கயிறுதான் வரும். செங்கமலத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் தளவாய் எதையும் எண்ணுவதில்லை. மதிலோடு ஒட்டிக்கொண்டே போகிறார்.