கேட்டு வாங்கின பால்

ஒரு ஊர்ல ஒரு பெயிண்ட் கம்பெனி இருந்துச்சு. அங்க டப்பா அடைக்கிறவ பவுனம்மா. நெடியில வேலை செய்யிறவங்களுக்குத் தினம் ஒரு டம்ளர் பால் வேணும்னு கேட்டு வாசல்ல வெயில்ல குந்திப் போராடினவ. பால் வந்துச்சு. ஆனா மேனேஜர் என்ன சொன்னான்? "ஒருத்தர் வேணாம்னாலும் எல்லாருக்கும் நிறுத்திடுவேன்." அவங்க சும்மாவா குடுப்பாங்க? முள்ளை வெச்சுத்தான் குடுப்பாங்க. ம் கொட்டு.

அப்புறம், பவுனம்மா மடக் மடக்குன்னு குடிச்சா. வயிறு கடமுட கடமுட. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல. அடுத்த நாள் சுக்கு தட்டிப் போட்டா. குடுகுடு குடுகுடு. அதுக்கடுத்த நாள் தண்ணி கலந்தா. டர்ர்ர்ர். கக்கூசுக்கும் மிஷினுக்கும் ஒரே ஓட்டம்.

பக்கத்து மிஷின் தெய்வானை கேட்டா: "ஏன்டி, நீ வாங்கின பாலு உன்னையே தொரத்துதா?"

"மெதுவா பேசு. மேனேஜர் காதுல விழுந்தா எல்லாருக்கும் போச்சு."

வெளிய சொல்லவும் முடியல, உள்ள அடக்கவும் முடியல. அப்போ ஆஸ்பத்திரி நர்சம்மாகிட்ட போனா.

நர்சம்மா சொன்னாங்க: "பால்ல ஒரு சர்க்கரை இருக்கும்மா. ரெண்டு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். சிறுகுடல்ல ஒரு நொதி, கத்திரி மாதிரி, கறுக்குன்னு வெட்டும். வெட்டினாத்தான் ரத்தத்துல சேரும். பால்குடி மறந்தப்புறம் நிறைய பேருக்கு அந்த நொதி குறைஞ்சிடும். வெட்டாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கும். அங்க கிருமிங்க அதைத் தின்னு காத்தைக் கிளப்பும்."

"அப்போ எனக்கு சீக்காம்மா?"

"சீக்கு இல்ல. உடம்பு வாகு. தயிர் சாப்பிட்டுப் பாரு. தயிர்ல இருக்குற கிருமி அந்தச் சர்க்கரையில கொஞ்சத்தை முன்னாடியே தின்னுடும், மீதியை வெட்டவும் உதவும்."

தூங்கிட்டியா? ம்.

மறுநாள் மேனேஜர் முன்னாடியே பவுனம்மா டம்ளரைக் கீழ வெச்சா. டொக்.

"வேணாமா? அப்போ எல்லாருக்கும் நிறுத்திடுறேன்"னான்.

"வேணாம்னு சொல்லல சார். எனக்குப் பால் செரிக்காது. தயிராக் குடுங்க."

"உன் ஒருத்திக்காகவா?"

அப்போ தெய்வானை டம்ளரை வெச்சா. டொக். "எனக்கும் செரிக்கல சார். மத்தவங்களுக்குப் போயிடுமேன்னு வாயை மூடிட்டு இருந்தேன்." அப்புறம் அந்தக் கோடியில டொக். இந்தக் கோடியில டொக். டொக் டொக் டொக். பாதி ஷெட்டு அத்தனை நாளா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சிருக்கு, ஒருத்திக்காக ஒருத்தி.

பால் செரிக்கிறவங்களும் மிஷினை நிறுத்திட்டு அவங்களுக்காக எந்திரிச்சு நின்னாங்க.

அடுத்த நாள் பால் கேனுக்குப் பக்கத்துல தயிர்ப் பானையும் வந்து உக்காந்துச்சு.

கதை செரிச்சாச்சு. புரளாம கண்ணை மூடு.