மதுராந்தகத்தில் மணி எட்டு

முதலில் இரைச்சல்தான் வந்தது. தாம்பரம் தாண்டிய வேனுக்குள் அண்டாக்கள் அதிர்ந்தன. கனகசபை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுவதற்குள் விமானம் மேகத்துக்குள் போய்விட்டது.

அதில்தான் அம்மா போகிறார். பக்கத்து இருக்கையில் இளவழகன்.

கனகசபைக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவான அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். பதிமூன்று வருஷமாக அம்மா எங்கே போனாலும் பை தூக்கியது இவர்தான். நாளை மதுரையில் அன்னதானம். அழைத்தவர்கள் இரண்டே விமான டிக்கெட் அனுப்பியிருந்தார்கள். மடத்துப் பாத்திரத்தில்தான் சமைப்பது வழக்கம். ஆறு மாதம் முன்பு வந்து சேர்ந்த இளவழகனைத் தன்னோடு வரச் சொன்ன அம்மா, இவரைப் பாத்திரங்களோடு வேனில் வரச் சொல்லிவிட்டார்.

விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம். ரோட்டில் எட்டு. கனகசபையின் கண் கைக்கடிகாரத்தை விட்டு நகரவில்லை. மதுராந்தகத்தில் மணி எட்டு, இந்நேரம் இறங்கியிருப்பார்கள். விழுப்புரம் தாண்டும்போது, அங்கே அவன் காபி வாங்கிக் கொடுத்திருப்பான் என்று பட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை ஆகாதென்று அவனுக்கு எங்கே தெரியப்போகிறது? திருச்சி வருவதற்குள் அவர்கள் இருவரும் பேசியதையெல்லாம் இவரே பேசி முடித்துவிட்டார். அதில் பாதி இவரைப் பற்றி.

"அண்ணே, அண்டா மூடியை ரெண்டு பக்கமும் கட்டிப் பறந்து பாப்பமா?" என்றான் டிரைவர் அந்தோணி. இவர் சிரிக்கவில்லை.

மதுரை மண்டபத்தின் பின்கட்டில் பாத்திரங்களை இறக்கியதும், முகம்கூடக் கழுவாமல் தேங்காய் நாரும் புளியுமாகத் தேய்க்க உட்கார்ந்தார். அம்மா வந்து பக்கத்தில் நின்றார். கனகசபை நிமிராமலே கேட்டார்.

"பதிமூணு வருஷம் இருந்தவனுக்கு ரோடு. ஆறு மாசம் இருந்தவனுக்கு விமானமா, அம்மா?"

அம்மா, மதுராந்தகம் ஏரியில் தண்ணீர் இருந்ததா என்று விசாரித்தார்.

"அப்போ மணி எட்டு. நீங்க ரெண்டு பேரும் இறங்கிட்டிருந்தீங்க."

விராலிமலைப் பக்கம் மயில் கண்ணில் பட்டதா?

"அது ஒரு மணி இருக்கும். நீங்க சாப்பிட உக்காந்திருப்பீங்க. அவன் பரிமாறியிருப்பான்."

வழியில் நீங்களும் அந்தோணியும் என்ன சாப்பிட்டீர்கள் என்றார் அம்மா.

கனகசபை யோசித்தார். எங்கேயோ நிறுத்தினார்கள். இலை போட்டார்கள். அதற்கு மேல் ஒன்றும் நினைவில்லை. நாரைப் பிடித்த கை நின்றுவிட்டது.

"அப்போ நீங்களும் எங்களோட விமானத்துலதான் வந்திருக்கீங்க, கனகசபை" என்றார் அம்மா. "இந்த அண்டாவையெல்லாம் ஏத்திக்கிட்டு ரோட்டுல வந்தது யாரு?"

வெளியே அந்தோணி வேனைக் கழுவும் சத்தம் கேட்டது. கனகசபை அண்டாவைத் தன் பக்கம் சாய்த்து, விட்ட இடத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினார்.