மண் படாத களைக்கொட்டு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த நாட்டு ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள், அவருடைய வம்சத்தார் என்மேல் சண்டைக்கு வந்துவிடுவார்கள். ரிஷிகளைப் போல நாற்பது நாள் காட்டில் வாசம் பண்ண வேண்டும் என்று அவருக்குத் திடீரென்று ஆசை வந்தது. சரி, தனியாகப் போனாரா என்றால் அதுவும் இல்லை. தளவாய், மந்திரி, வைத்தியர், சமையல்காரர், பல்லக்குத் தூக்கிகள் என்று முந்நூறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு காட்டாற்றங்கரையில் பாளையம் இறங்கினார். பட்டு மெத்தை முதல் பன்னீர்ச் செம்பு வரை ஒன்றுவிடாமல் வண்டியில் ஏற்றினார்கள். முந்நூறு பேரும் காலையில் எழுந்து எங்கே ஒதுங்குவது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

பத்து நாள் ஆயிற்று. கூடாரத்துக்கு வெளியே கால் வைக்க முடியவில்லை. சோற்றில் ஈ, பாயில் ஈ, ராஜாவின் மீசையிலும் ஈ! ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வயிறு கெட்டுப்போன ராஜா ஒரே பகலில் ஒன்பது முறை புதருக்கு ஓடினார்.

"யார் செய்த அக்கிரமம் இது?" என்று சபையில் கத்தினார்.

தளவாய் அரிகண்டன் முன்னால் வந்தான். "வேறு யார், மகாராஜா? பல்லக்குத் தூக்கிகள்தான். ஆளுக்கு ஐம்பது கசையடி கொடுத்துத் துரத்திவிடுங்கள். நாற்றமும் அவர்களோடு போய்விடும்."

பன்னிரண்டு தூக்கிகளும் ராஜாவின் காலில் விழுந்தார்கள். மூத்தவனான கருத்தான் கைகூப்பினான். "சாமி, நாங்க படுக்கிறது ஆத்துக்குக் கீழ்ப்பக்கம். மேலேருந்து வர்ற தண்ணியைத்தான் நாங்களும் குடிக்கிறோம். ஐம்பது அடி பட்டா எவனும் உசிரோட வீடு போய்ச் சேரமாட்டான் சாமி!"

அரசவை விகடகவி மாசிலாமணி தளவாயை முறைத்துப் பார்த்தான். ஆற்றின் மேல்பக்கம், நாணல் ஓரமாகக் காலைதோறும் யார் போய்க் குந்துகிறார் என்று அவனுக்குத் தெரியும். சாட்சாத் தளவாய்தான்! பெரிய மனிதருக்கு எட்ட நடக்கக் கால் வலிக்கிறதாம். ஆனால் இதற்குச் சாட்சி சொல்வது எப்படி? நின்று பார்த்தேன் என்று எவன் சபையில் வாய் திறப்பான்?

"மகாராஜா, ஏழு நாள் தவணை தாருங்கள். பாளையத்தைச் சுத்தமாக்கிக் காட்டுகிறேன்" என்றான் மாசிலாமணி.

"அள்ளுவதற்கு இங்கே ஆள் கிடையாது; ஆற்றில் விடவும் கூடாது" என்று தளவாய் சிரித்தான். "முடியாவிட்டால் கசையடியில் கவிராயருக்கும் பங்கு உண்டா?"

"தாராளமாக! ஆனால் ஒரு விண்ணப்பம், மகாராஜா. தன் காரியத்தைத் துளி நாற்றமில்லாமல் முடிக்கிற ஒருவர் இந்தப் பாளையத்தில் இருக்கிறார். அவரை அதிகாரியாக்குங்கள். அவர் செய்கிறபடியே எல்லாரும் செய்யட்டும்."

தளவாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பயல் பயந்துபோய் நமக்கு ஐஸ் வைக்கிறான் என்று எண்ணிக்கொண்டான். "அப்படியே எழுதுங்கள், மகாராஜா! மீறுகிறவன் எவனானாலும் அந்த ஐம்பது அடி அவனுக்கே!" என்று தானே எடுத்துக் கொடுத்தான். ராஜா முத்திரை வைத்தார்.

மறுநாள் காலை சபை கூடியது. மாசிலாமணி புது அதிகாரியைப் பட்டுத்துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து மரத்தடியில் இறக்கிவிட்டான். பார்த்தால் மடைப்பள்ளிப் பூனை! வயிறு முட்டப் பாலும் மீனும் தின்றிருந்தது. அது ராஜாவைப் பார்க்கவில்லை, தளவாயைப் பார்க்கவில்லை. பொலபொலவென்று மண் இருந்த இடமாகத் தேடிப் பள்ளம் பறித்தது, உட்கார்ந்தது, எழுந்தது, மண்ணைத் தள்ளி மூடியது. மோந்து பார்த்துவிட்டு, போதாது என்று இன்னும் இரண்டு கை மண் போட்டுவிட்டுப் போயிற்று.

"அதிகாரி செய்து காட்டிவிட்டார். நமக்கு நகம் இல்லாததால் மண் கொத்த ஆளுக்கொரு களைக்கொட்டு" என்றான் மாசிலாமணி. "ஆற்றிலிருந்து எண்பது தப்படி தள்ளிப் போக வேண்டும். ஒரு சாண் ஆழம் பறிக்க வேண்டும். முடிந்ததும் மண்ணும் சருகும் போட்டு மூட வேண்டும். முன்பே கிடப்பதையும் அப்படியே மூட வேண்டும்."

பாளையத்துக் கொல்லன் மூன்று நாள் ராவும் பகலும் அடித்து, எண்ணெய் பூசி, முந்நூறு களைக்கொட்டும் கொடுத்தான். முதலில் ராஜாவே ஒன்றை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மந்திரி முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். தளவாயும் வாங்கிக்கொண்டான்.

களைக்கொட்டு கொடுத்த மூன்றாம் நாள் ராஜா பாளையத்தைச் சுற்றி வந்தார். ஈ இல்லை, நாற்றமும் இல்லை. நாணல் ஓரத்தில் மட்டும் மூக்கைப் பிடித்தார். மாசிலாமணி அதற்காகவே காத்திருந்தான்.

"மகாராஜா, எல்லாருடைய களைக்கொட்டையும் பார்வையிடுங்கள்."

கருத்தானுடையது முனை மழுங்கியிருந்தது. ராஜாவுடையதில் செம்மண் அப்பியிருந்தது. தளவாயுடையதோ பளபளவென்று மின்னியது. கொல்லன் பூசிய எண்ணெய்கூட அழியவில்லை.

"இது என்ன, தளவாயாரே?"

தளவாய் தலையைச் சொறிந்தான். "மகாராஜா... அடியேனுக்கு இந்த மூன்று நாளாகப் போகவே இல்லை."

"ஐயையோ!" என்று மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டான். "மூன்று நாளா? நாட்டுக்கே தளவாய், குடல் வெடித்துச் செத்துப்போனால் யார் பொறுப்பு? வைத்தியரே, விளக்கெண்ணெய்! சின்னக் கிண்ணம் போதாது, அரைப்படி கொண்டுவாரும்!"

வைத்தியர் சுடச்சுடக் கொண்டுவந்தார். அந்த வாடையிலேயே தளவாய்க்குக் குமட்டியது. "வேண்டாம்! தினமும் போனேன், மகாராஜா! நாணல் ஓரமாகத்தான் போனேன். வந்த நாள் முதல் அங்கேதான்!"

"அப்படியானால் நான் இத்தனை நாளாகக் குடித்தது..." என்று தொடங்கிய ராஜா மேலே சொல்லாமல் முகத்தைச் சுளித்தார். பிறகு மின்னுகிற களைக்கொட்டையும் தளவாயின் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தார். அடக்க முடியாமல் விழுந்து விழுந்து சிரித்தார்.

"தூக்கிகள்மேல் குற்றம் இல்லை. ஆளுக்கொரு புது வேட்டியும் ஒரு மூட்டை நெல்லும் கொடுங்கள். மாசிலாமணி, பிடி!" என்று தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். "தளவாயாரே, ஐம்பது அடி உம்முடைய வாயால் நீரே விதித்தது. கசையா, கிண்ணமா? நீரே சொல்லும்."

தளவாய் கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாயில் கவிழ்த்தான். அரை நாழிகை ஆகவில்லை. களைக்கொட்டைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் பிடித்தான் ஓட்டம்! பன்னிரண்டு தூக்கிகளும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கருத்தான் மட்டும் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். "அவசரப்படாதீங்க சாமி, முதல்ல பள்ளம்!"