முறுக்கிக்கொண்ட தூண்

தூணைத் திசை மாற்றி நட்டுவிட்டார்கள். எல்லாக் கெடுதலும் அதிலிருந்துதான்.

அந்தக் காலத்தில் கல்லும் பேசும், பறவையும் பேசும். ஸ்பெயின் தேசத்தில் உர்ராக்கா என்றொரு சீமாட்டி மாளிகை கட்டினாள். வாசலுக்கு இரண்டு தூண். மலையில் கல் வெட்டிக் கொண்டுவந்தவன் ஹசிந்தோ.

அவன் ஊரில் ஒரு வழக்கம். கல்லைப் பெயர்க்கும்போது அதன் முகத்தில் கரிக்கோடு போடுவார்கள். எங்கே நட்டாலும் அந்தக் கோடு மலையைப் பார்க்க வேண்டும். முதல் தூணில் கோடு தெருவைப் பார்த்து நின்றுவிட்டது. கயிறு கட்டித் திருப்ப ஹசிந்தோவுக்குப் பொறுமையில்லை. மனைவி பெலாயா ஊரில் தனியாக இருந்தாள். சீக்கிரம் போக வேண்டும். விட்டுவிட்டான்.

தூண் திரும்பத் தொடங்கியது. அடி அசையவில்லை, உடம்பு முறுக்கியது. மேலே உப்பரிகையில் விரிசல்.

"இது திரும்புவதை நிறுத்துகிற வரைக்கும் ஊர்ப் பேச்சே எடுக்காதே," என்றாள் சீமாட்டி.

ஹசிந்தோ தூணிடம் போனான். "சும்மா நில்லேன். திரும்பினாலும் மலை தெரியாது. மணிக்கூண்டு மறைக்கிறது."

"உனக்கு மட்டும் தெரிகிறதா? தினமும் அந்தப் பக்கம் பார்த்துத்தானே சாப்பிடுகிறாய்."

அவன் உளியை எடுத்துக்கொண்டு இரண்டாம் தூணுக்குப் போனான்.

கல் வெட்டிய இடத்தில், பைன் மரத்தில், செங்கால் நாரை ஒன்று இருந்தது. அப்போது அதற்கு நல்ல குரல். ஒருநாள் மாளிகைக் கோபுரத்தில் வந்து இறங்கியது.

"அந்தக் கல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டாய். அங்கே எனக்குப் பேச ஆளில்லையப்பா," என்று ஹசிந்தோவைத் திட்டியது. பிறகு தூணுக்காக, மலையில் தெரிவதையெல்லாம் உரக்கச் சொன்னது. "பனி விலகிவிட்டது. ஆடு ஏறுகிறது. பெலாயா துணி காயப்போடுகிறாள்."

உளியைக் கீழே வைத்துவிட்டு ஹசிந்தோவும் கேட்டான்.

கேட்கக் கேட்கத் தூண் இன்னும் முறுக்கியது. விரிசல் அகன்றது. நாரை இன்னும் கத்தியது. கத்திக் கத்திக் குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்று. தவித்துப்போய் அலகை அடித்துக்கொண்டது. டக் டக் டக் டக்.

தூண் நின்றது.

"உளிச் சத்தம்," என்றது. "மலை இங்கேயே வந்துவிட்டதா?"

அது மலையில்லை என்று யாரும் சொல்லவில்லை.

சீமாட்டி வந்து பார்த்தாள். "நேராக இருந்ததைவிட இது நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதையும் இப்படியே முறுக்கிவிட்டுப் போ."

உளியால் முறுக்கினான். பெலாயா வளர்க்கும் திராட்சைக் கொடியை அதில் செதுக்கி ஏற்றினான். புறப்படும்போது அண்ணாந்து கேட்டான்: "ஊருக்கு வருகிறாயா?"

மேலே அலகுச் சத்தம் மட்டும். அது நின்றால் தூண் மறுபடி திரும்பும். நாரைக்குத் தெரியும்.

அன்று முதல்தான் அந்தத் தேசத்து மாளிகை வாசல்களில் தூண்கள் முறுக்கி நிற்கின்றன. கோபுரத்தில் குரலில்லாமல், மலையைப் பார்த்தபடி, அலகைத் தட்டி அவற்றை நிறுத்தி வைத்திருப்பது செங்கால் நாரை.