ராஜாவின் பாதி மீசை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வெண்குடி நாட்டைச் சிங்கமுடி ராஜா ஆண்டுவந்தார். ஆண்டார் என்று சொல்வது மரியாதைக்குத்தான். பொழுதெல்லாம் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார் என்பதே நிஜம். அவருக்குத் திடீர் திடீரென்று யோசனை வரும். அப்படி வந்ததுதான் பழிச் சட்டம். ஒருவனுக்கு என்ன தீங்கு நேர்ந்ததோ அதே தீங்கை, அதே அளவில், அதே ஆயுதத்தால், பட்டவனே தன் கையால் திருப்பிச் செய்ய வேண்டும். இம்மியும் கூடக்கூடாது. பத்து வருஷத்துச் சண்டையை எல்லாம் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்களே என்று இன்னொரு வரியும் சேர்த்தார்: தீர்ப்பு நாளுக்குள் காயம் ஆறிவிட்டால் பிராது தள்ளுபடி.

ஒருநாள் காலை, அரண்மனை நாவிதன் சடையன் ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டே ஊர்க்கதை சொன்னான். ராஜா குலுங்கிச் சிரித்தார். தலை ஆடியது, கத்தி வழுக்கியது, இடப்பக்க மீசை மடியில் விழுந்தது. சிரித்தது ராஜாதான், ஆனால் கத்தி இருந்தது சடையன் கையில். யாரிடம் போய் நியாயம் பேசுவது?

சபை கூடியது. தளவாய் கொண்டல்ராயர் முந்திக்கொண்டார். ராஜா தினமும் மோவாயைச் சடையனிடம் கொடுத்துவிட்டு அவனிடமே யோசனையும் கேட்கிறாரே என்று அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"வலது கையை வெட்டிவிடலாம், மகாராஜா!"

சடையன் ராஜாவின் காலில் விழுந்தான். "கை போனா பொழப்பே போச்சு சாமி. வீட்ல நாலு புள்ளைங்க இருக்கு."

அமைச்சர் வேதவனம் எழுந்தார். "தாராளமாக வெட்டலாம். ஆனால் போனது மீசை. மகாராஜாவின் சட்டப்படி மீசைக்கு மீசையைத்தானே எடுக்க வேண்டும்?"

"எடுத்துவிடுவோம்!" என்றார் ராஜா.

"சடையனுக்கு மீசை இல்லையே."

சபையே திரும்பிப் பார்த்தது. சடையன் முகம் கழுவி வைத்த செம்பு மாதிரி இருந்தது. ராஜா மிச்சமிருந்த மீசையை முறுக்கினார்.

"வளரட்டும்."

"தங்கள் மீசை அளவுக்கு வளர மூன்று மாதமாவது ஆகும்."

"அதற்குள் எனக்கும் வளர்ந்துவிடுமே!"

"வளர்ந்தால் காயம் ஆறியதாகிவிடும். பிராது தள்ளுபடி."

ராஜா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். எதை எண்ணுகிறோம் என்பதே பாதியில் மறந்துபோனது. "அப்படியானால் என் பக்கம் வளரவிடக்கூடாது. தினமும் மழிக்க வேண்டும். யார் மழிப்பது?"

அரண்மனைக்கு இருந்தது ஒரே நாவிதன். எல்லோரும் மறுபடி சடையனைப் பார்த்தார்கள்.

"மறுபாதியையும் எடுத்துவிட்டால் என்ன?"

"மீசை இருந்ததற்கு அதுதானே அத்தாட்சி, மகாராஜா."

அன்றிலிருந்து பிடித்தது சனி. சடையனுக்கு மீசை வளர வேண்டுமே என்று அரண்மனைச் செலவில் பாலும் நெய்யும் போனது. ராஜாவோ பாதி மீசையோடு திரிந்தார். "எந்தப் பக்கம் பார்த்துப் பேசுறது?" என்று ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அயல்நாட்டுத் தூதன் ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமலே படித்து முடித்துவிட்டு ஓடினான். காலையில் எழும்போது ராஜாவுக்குக் கோபம் தணிந்திருக்கும்; உதட்டுக்கு மேல் லேசாக முளைத்திருப்பதைத் தடவியதும், ஐயோ ஆறப்போகிறதே என்று சடையனைக் கூப்பிடுவார்.

"ஏனடா, நீ தினமும் மழிக்கிறாயே, இது பழைய குற்றமா, புதுக் குற்றமா?"

"எனக்கும் அதான் சாமி வெளங்கல."

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு நாள் வந்தது. சடையனுக்கு மீசை கன்னம்வரை சுருண்டு நின்றது. வாசல் காவலன் அவனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பின்னால் வந்த ராஜாவை "யாருய்யா நீ?" என்று நிறுத்தினான்.

சடையன் ஆசனத்தில் உட்கார, ராஜா தோளில் துண்டும் கையில் கத்தியுமாக நின்றார். கத்தியைக் கரண்டி மாதிரிப் பிடித்திருந்தார்.

"அப்படிப் புடிச்சா கழுத்துல ஏறிடும் சாமி. கட்டை விரலக் கொஞ்சம் மேல வைங்க" என்றான் சடையன், பயந்துகொண்டே.

"வேதவனம், கை தவறி அவன் கன்னத்தைக் கீறிவிட்டால்?"

"அந்தக் கீறலுக்குச் சடையன் பிராது கொடுப்பான். தங்கள் கன்னத்தைக் கீறுகிற நாள்வரை அவனும் தன் காயத்தை ஆறவிடாமல் வைத்திருப்பான்."

ராஜா கத்தியைப் பார்த்தார், சடையனின் மீசையைப் பார்த்தார், தன் உதட்டைத் தடவினார். "இந்த மூன்று மாதமும் தண்டனையில் இருந்தது யார், வேதவனம்?"

"அதைத்தான் நானும் தினமும் யோசிக்கிறேன், மகாராஜா."

ராஜாவுக்கு வெட்கமாக இருந்தது. கத்தியைக் கீழே வைத்தார். கொண்டல்ராயர் துள்ளி எழுந்தார். "மகாராஜா! பழியை விட்டால் மானம் என்னாவது?"

"நீர் சொல்வதும் சரிதான். என் பிராதை உமக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் பட்டவன் கையால்தானே தீர்க்க வேண்டும்? நீரும் பட்டவனாக வேண்டாமா? உட்காரும், உமது இடப்பக்க மீசையைச் சடையன் எடுத்துவிடுவான்."

கொண்டல்ராயர் இரண்டு உள்ளங்கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். "ம… மன்னிப்பதுதானே மகாராஜா, பெருந்தன்மை!"

சபை சிரித்த சிரிப்பில் கொண்டல்ராயர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். சடையனுக்குக் கையும் தப்பியது, மீசையும் நிலைத்தது. வேதவனத்துக்கு ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

சட்டத்தை மட்டும் அவர் எடுக்கவில்லை. ஒரு வரி சேர்த்தார்: பழி கேட்கிறவன் மூன்று மாதம் தன் காயத்தைத் தினமும் தானே கீறி, ஆறவிடாமல் வைத்திருக்க வேண்டும். மறுநாள் உடைந்த மண்டையோடு ஒருவன் ஆவேசமாக வந்தான். முழுவதையும் கேட்டான். "தினமுமா?" என்றான். பிறகு வைத்தியர் வீடு எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டு போனான்.