அப்பளக் கேடயம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே, ஆடுகள் பறந்து மேய்ந்த காலத்தில் (சிரிக்காதீர்கள், பறந்தவைதாம்!) கொன்றைநாட்டுப் படையில் வேம்பி என்றொரு தலைவி இருந்தாள். பௌர்ணமியன்று போர். அவளுடைய வீரர்கள்தாம் முன்வரிசை. ஆயிரம் கேடயம் வேண்டும்.

கருநாக்கன் கொண்டுவந்தான். வியாபாரி வேஷம், ஆள் மந்திரவாதி.

“சரக்கு இருக்கட்டும், முதலில் இந்தப் பட்டுச் சேலையைப் பிடி அம்மா.”

“சரக்கு வாங்கும் கை வேறெதையும் வாங்காது” என்றாள் வேம்பி.

“முத்துமாலை?”

“சரக்கு வாங்கும் கை வேறெதையும் வாங்காது.”

“அட, வெயிலுக்கு ஒரு குவளை மோர்! இதுகூடவா லஞ்சம்?”

நாக்கு வறண்டுதான் கிடந்தது. மோரில் கறிவேப்பிலை வேறு மிதந்தது. வேம்பி எச்சிலை விழுங்கிக்கொண்டாள். “சரக்கு வாங்கும் கை வேறெதையும் வாங்காது. மூட்டையை அவிழ்த்துக் காட்டும்!”

அவிழ்த்தான். அத்தனையும் அப்பளம்! வண்டிச்சக்கரம் அகலத்துக்கு உளுந்து அப்பளம்!

தளபதி இடும்பராயர் ஒன்றைத் தூக்கி, “அடடா, என்ன இரும்பு! தோள் கழல்கிறதே” என்றார். விரலில் கருநாக்கன் கொடுத்த மோதிரம். மற்ற தலைவர்கள் மோர் குடித்திருந்தார்கள். அவர்களுக்கும் இரும்புதான் தெரிந்தது. அவன் கையால் எதை வாங்கினாலும் கண்ணைக் கட்டிவிடும் மந்திரம் அது.

“ஐயா, இது அப்பளம்!”

“வெயில் உன் மண்டைக்கு ஏறிவிட்டது. இன்னொரு வார்த்தை பேசினால், வாளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ.”

போகலாம். போனால் அவள் வீரர்கள் அப்பளத்தைப் பிடித்துக்கொண்டு வேலுக்கு முன்னால் நிற்பார்கள். வேம்பி வில்லை எடுத்தாள்.

“கேடயம் விற்றவனை அதன் பின்னால் நிறுத்தி ஓர் அம்பு விட்டுப் பார்ப்பது நம் பழைய வழக்கமாயிற்றே. ஏன் கைவிட்டோம், ஐயா?”

“அவன் எதற்கு? நானே நிற்கிறேன்!”

“நின்றால் செத்துப்போவீர்கள். விற்றவர் வரட்டும்.”

“எனக்கு... இடுப்புப் பிடிப்பு” என்றான் கருநாக்கன். வேம்பி நாணை இழுத்தாள். இடுப்புப் பிடிப்புக்காரன் ஒரே பாய்ச்சலில் வண்டிக்கடியில் போய்ப் புகுந்தான்!

தளபதி வண்டியைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், மோதிரத்தைப் பார்த்தார். கழற்றி எறிந்தார். கையில் அப்பளம்!

“ஐயையோ, இதைக் கொடுத்தா பிள்ளைகளைப் போருக்கு அனுப்ப இருந்தேன்!”

குடித்த மோரை எப்படித் திருப்பித் தருவது? ‘வாங்கியது தப்பு’ என்று வீரர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்குக் கண் திறந்தது.

அப்புறமென்ன, ஊர்க்கொல்லர்கள் அடித்த கேடயங்களோடு கொன்றைநாடு வென்றது. ராஜா வேம்பியைத் தளபதியாக்கினார். இடும்பராயர் தாமே கேட்டு முன்வரிசையில் சிப்பாயாக நின்றார். வண்டிக்கடியிலேயே பிடிபட்ட கருநாக்கனோ, வெற்றி விருந்துக்கு ஆயிரம் அப்பளத்தையும் தானே பொரித்துப் போட்டான். எண்ணெய்ச் செலவும் அவனுடையதே!