ஜாக்கி வைக்கும் இடத்தில் ஒரு கையெழுத்து

நாமக்கல் லாரிப் பட்டறை முதலாளி நல்லுசாமி சொந்தமாகக் கட்டிய குட்டி விமானத்துக்குச் சக்கரம் மாற்ற வேண்டியிருந்தது. பட்டணத்து இன்ஜினியர் ரங்கராஜ் இறக்கையின் நடுவைக் காட்டி, "இங்கே ஜாக்கி வை" என்றார்.

"அங்க வெறும் தகடுங்க, பொத்துக்கும்," என்றாள் டயர் மாற்றும் பாவாயி.

"லாரி தூக்குறவ எனக்குப் பாடம் எடுக்கறியா?"

முதலாளியும் எகிறினார். "அவர் சொன்னபடி செய். சின்னக் குழி விழுந்தாலும் உனக்கு இங்கே வேலை கிடையாது!"

பாவாயி ஒரு சாக்பீஸை நீட்டினாள். "செய்யறேனுங்க. சார் அந்த இடத்துல ஒரு கையெழுத்துப் போடட்டும். பொத்துச்சுன்னா, போட்டவங்க வீட்டுக்குப் போகட்டும்."

இன்ஜினியர் சாக்பீஸை வாங்கி, தகட்டைத் தட்டினார். காலி டப்பா மாதிரிச் சத்தம் வந்தது. சாக்பீஸ் ஒரு முழம் நகர்ந்தது, இன்னொரு முழம் நகர்ந்தது, கடைசியில் அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

"நீ போடுவியா அம்மணி?" என்றார் முதலாளி.

பாவாயி தட்டித் தட்டி, இறக்கைக்குள் ஓடும் உத்தரத்தைக் கண்டுபிடித்து, அதன் அடியில் கிரீஸ் படிந்த பெருவிரலை அழுத்திக் கைநாட்டு வைத்தாள். இன்னொரு சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். விமானத்தின் மூக்கு தரையில் குத்தாமலிருக்க வாலின் மேல் மணல் மூட்டை கட்டினாள். கைரேகை மேல் ஜாக்கியை வைத்து அடித்தாள். சக்கரம் தரைவிட்டு எழுந்தது, தகட்டில் ஒரு கீறல் இல்லை.

"காத்துக்கு வால் ஆடுதுங்க, கனம் பத்தலை," என்றாள். "சார் வந்து மூட்டை மேல உக்காரட்டும்."

முதலாளி கை காட்டினார். இன்ஜினியர் போய் உட்கார்ந்தார்.